இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்

1.

இந்தக் கதை ஏழு கோடுகளிலிருந்து வந்தது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சம்பவ அறிக்கைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், "நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்" என்று அச்சடித்து, அதற்குக் கீழே ஏழு கோடு போட்டிருந்தார்கள். ஏழாவது கோட்டுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்தது மாதிரி ஒரு குறிப்பு: இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.

நான் வேலை பார்ப்பது வீடுகளுக்குப் பராமரிப்பு ஆட்களை அனுப்பும் நிறுவனத்தில். படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்ட, கைப்பிடித்து நடக்க வைக்க, மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஆள் வேண்டுமென்றால் எங்களுக்குப் போன் செய்வீர்கள். நாங்கள் ஒரு பெண்ணை அனுப்புவோம். அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டு அறை. ஒன்றில் முதலாளி. இன்னொன்றில் நானும் இரும்பு பீரோவும். கீழேயிருந்து பல் ராவுகிற சத்தம் நாள் முழுக்க வரும், பழகிவிட்டது.

படிவம் வந்தால் நிரப்புவது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதால் வீட்டிலும் அதுவே என் வேலை. பள்ளிச் சேர்க்கை, வங்கி, தண்ணீர் இணைப்பு, பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ், எல்லாம் என் கையெழுத்து.

இந்தப் படிவம் இரண்டாக வந்தது. ஒன்று நிறுவனம் எழுத வேண்டிய அறிக்கை. மற்றது, சம்பவத்தில் சம்பந்தப்பட்ட பணியாளர் எழுத வேண்டிய வாக்குமூலம். நிறுவனத்துக்காக எழுதுவது நான். பணியாளர் என் சித்தி. அவளுக்காகவும் எழுதப்போவது நான். இரண்டு பேருடைய சொந்த வார்த்தைகளும் என்னுடையவை. கதை எழுதுகிறவர்கள் இதைப் பெரிய வித்தை மாதிரி சொல்லிக்கொள்வார்கள். எனக்கு இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை.

2.

முதலில் எழுதிய தொடக்கம்:

"மாஸ்டரின் வலது கால் கட்டைவிரல் இப்போது அவரிடம் இல்லை."

உண்மைதான். ஆனால் ஒரு விரலைக் கடைவாசலில் தொங்கவிட்டு ஆள் கூப்பிடுவது போல இருந்தது. அடித்தேன்.

இரண்டாவது:

"நோயாளி, ஆண், வயது எழுபத்தாறு, நாட்பட்ட சர்க்கரை நோய், இரு பாதங்களிலும் உணர்ச்சிக் குறைவு. பராமரிப்பாளர், பெண், வயது நாற்பத்தொன்பது, முன்னனுபவம்..."

இதுவும் உண்மை. ஆனால் உள்ளே ஒருத்தரும் இல்லை. காலி வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி.

மூன்றாவது:

"என் அம்மா ஒரு தவறு செய்தாள். அவள்..."

இது பொய். அம்மா என்று எழுதினால் உங்களுக்குச் சட்டென்று கண் கலங்கும், எனக்கு வேலை மிச்சம். செய்தது சித்தி. சித்தி என்றால் நீங்கள் கொஞ்சம் யோசிப்பீர்கள்: எவ்வளவு நெருக்கம், ஏன் இவர்கள் வீட்டில் இருக்கிறாள், சித்தப்பா எங்கே என்று. யோசியுங்கள். அம்மாவின் தங்கை. நானும் அவளும் ஒரே அறை. சித்தப்பா இந்தக் கதையில் வரமாட்டார். தேவைப்பட்ட எந்த இடத்துக்கும் அவர் வந்ததில்லை.

சித்தி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதத் தெரியும், ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் முட்டை அடுக்குவது போலத் தனித்தனியாக எடுத்து வைப்பாள். இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டது நான். வேலைக்கு வரும் பெண்களுக்குத் அன்றன்று செய்ததை எழுதும் வாரத் தாள் நிரப்பச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பை எடுப்பதும் நான்தான். என் சித்தி முன்வரிசையில் உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். இருக்கட்டும்.

3.

கடைக்காரர் தீக்கும் திருட்டுக்கும் காப்பீடு எடுக்கிறார். சரக்கு எரியலாம், சரக்கு போகலாம், புரிகிறது. எங்கள் கடையில் சரக்கு கிடையாது. ஒரு பெண் இன்னொருவர் படுக்கையறைக்குள் போவதைத்தான் விற்கிறோம். ஆகவே எங்களுக்கு வரக்கூடிய ஆபத்து முழுவதும் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. அங்கே குளியலறைத் தரை வழுக்கலாம். பூச்சாடி உடையலாம். வளையல் காணாமல் போகலாம். இரண்டு நாள் கழித்து மெத்தைக்கு அடியில் கிடைக்கும், ஆனால் அந்த இரண்டு நாளும் எங்கள் பெண்தான் திருடி. மாடிப்படியில் எங்கள் பெண்ணே உருளலாம். போகிற வழியில் வண்டி இடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் காப்பீடு. ஒன்றின் குடைக்குக் கீழே இன்னொன்று நிற்க முடியாது.

இவற்றில் பெரியது தொழில்பொறுப்புக் காப்பீடு. எங்கள் ஆள் வேலையில் செய்த தவறால் நோயாளிக்குத் தீங்கு வந்தால், அந்தக் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்லும். இது இல்லாத நிறுவனத்துக்கு எந்த மருத்துவமனையும் நோயாளியைக் கைகாட்டாது. முதலாளி மேஜையில் கண்ணாடிக்கு அடியில் அவர் பிள்ளைகளின் படம் இருக்காது. இந்தச் சான்றிதழ் இருக்கும்.

பாலிசி நாற்பத்திரண்டு பக்கம். எதற்கெல்லாம் பொறுப்பு என்று சொல்ல ஆறு பக்கம். எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று சொல்லப் பத்தொன்பது. மிச்சம் அந்தச் சொற்களுக்கு விளக்கம். தன்னால் முடியாததை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட வேறொரு புத்தகத்தை நான் படித்ததில்லை. அதைப் பார்த்து நானும் ஒரு பட்டியல் போட்டேன்.

விலக்குகள். இந்தக் கதை பின்வருவனவற்றுக்குப் பொறுப்பேற்காது:
(அ) முதலாளி கெட்டவராக இருப்பார் என்ற எதிர்பார்ப்பு.
(ஆ) சித்தி ஒரு தப்பும் செய்யாதவள் என்ற எதிர்பார்ப்பு.
(இ) எழுதுகிறவள் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள் என்ற நம்பிக்கை.

மூன்றாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவேன்.

4.

சர்க்கரை நோயாளிக்குக் கால் நகம் வெட்டுவது எங்கள் பெண்கள் செய்யக்கூடாத வேலை. நர்ஸ் செய்யலாம், டாக்டர் செய்யலாம். பாதத்தில் உணர்ச்சி இருக்காது, சதை வெட்டுப்பட்டாலும் அவருக்குத் தெரியாது, புண் லேசில் ஆறாது. இதை முதல் நாளே சொல்லிவிடுவோம். முப்பத்தெட்டுப் பெண்களும் தலையாட்டுவார்கள். முப்பத்தெட்டுப் பேரும் போய் வெட்டுவார்கள். ஏனென்றால் விதி எழுதி ஒட்டிய பிறகும் நகம் வளர்கிறது, அதற்கென்று நர்ஸைக் கூப்பிடும் வீட்டை நான் பார்த்ததில்லை.

சித்தி பார்த்துக்கொண்ட மாஸ்டர் முப்பது வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். இப்போது சக்கர நாற்காலி. அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது திருப்பத்துக்கு முன்னால் சித்தி கை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டார். ஒரு சாயங்காலம் சீருடையைத் துவைத்துக்கொண்டே சித்தி சொன்னாள்:

"இன்னிக்கு மாஸ்டருக்குக் கால் நகம் வெட்டிவிட்டேன்டி. சுண்டுவிரல்கிட்ட போனதும், 'மெதுவா, இங்க வளைவு இருக்கு, ஹாரன் அடிச்சிட்டுப் போ'ங்கறாரு."

"நீ என்ன பண்ணின?"

"அடிச்சேன்."

"என்னத்த?"

"ஹாரன். வாயாலதான்."

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பாதியில் நிறுத்தினேன். அந்த வாரம் பாலிசி புதுப்பிக்கும் வாரம். விண்ணப்பம் என் பையில் இருந்தது.

"சித்தி, நகம் வெட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல."

"வெட்டாம? சாக்ஸ்ல மாட்டுது. நேத்து நூலோட சேர்ந்து நகமே பேந்துக்கப் பார்த்துச்சு. நீ வந்து வெட்டறியா?"

"அவர் மககிட்ட சொல்லு. நர்ஸ வரச் சொல்லுவாங்க."

"சொல்லாமயா இருப்பேன்? 'உங்ககிட்டதான் அப்பா காலைக் காட்டறாரு, நீங்களே பார்த்துக்குங்க'ன்னுட்டா."

"சரி. இனிமே இதெல்லாம் வீட்டுல எங்கிட்ட சொல்லாத. நான் ஆபீஸ்ல இருக்கேன். எனக்குத் தெரிஞ்சா ஆபீசுக்குத் தெரிஞ்ச மாதிரி."

ஈரக் கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சா காதுக்கும் தாழ்ப்பாள் போட்டுக்கணுமா?"

"சித்தி."

"சரிடியம்மா. இனிமே சொல்லல."

சொன்னால் சொன்னபடி இருக்கிறவள். பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5.

முதலாளியை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். இன்றைக்கும் புது நோயாளி வந்தால் முதல் நாள் தானே போய்க் குளிப்பாட்டிவிட்டு வருவார்.

விண்ணப்பத்தை நான் வாசிக்க வாசிக்க அவர் பதில் சொன்னார்.

"பதினாலு. செவிலியர் அல்லாத பணியாளர்கள் நோயாளிகளின் பாதப் பராமரிப்பில், நகம் வெட்டுதல் உட்பட, ஈடுபடுகிறார்களா?"

"இல்லைன்னு போடு."

"சிஸ்டர், நிஜத்துல..."

"நம்ம ரூல் என்ன?"

"வெட்டக் கூடாது."

"அப்ப இல்லைதானேம்மா. அவங்க கேக்கறது ரூலை."

அவர்கள் கேட்டது ரூலை இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இல்லை" கட்டத்தில் டிக் போட்டேன். கடைசிக் கேள்வி இருபத்திரண்டு: "இந்தக் காப்பீட்டைப் பாதிக்கக்கூடிய வேறு தகவல் ஏதேனும் உங்களுக்குத் தெரியுமா?" அதற்கு நான் சிஸ்டரைக் கேட்கக்கூட இல்லை. தெரியாது என்று நானே டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

[இதன் முந்தைய வடிவத்தில் சிஸ்டர் என்னை மிரட்டுகிறார். "வேலை வேண்டாமா உனக்கு" என்கிறார். நன்றாக வந்திருந்தது, உங்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. நடந்தது இதுதான்: விண்ணப்பத்தை மூடிய பிறகு, "அம்மாவுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன்ல? வராத, வீட்டுல இரு" என்றார். நான் லீவு கேட்டிருக்கவில்லை. நல்லவர்களுக்காக எழுதிய பொய் கையில் ஒட்டவே ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.]

6.

புதுப்பித்துப் பத்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, நகவெட்டி மாஸ்டரின் வலது கட்டைவிரல் ஓரத்தில் கடுகளவு சதையையும் சேர்த்துக் கடித்தது. சித்தி துடைத்து மருந்து வைத்தாள். மாஸ்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை காய்ச்சலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் மகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கத்துவாள் என்று தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். கத்தவில்லை.

"யாரையும் தூக்குல போடச் சொல்லி வரல. அப்பாவோட விரல் போயிருக்கு. யாராவது ஒருத்தர் 'ஆமா, எங்களாலதான்'னு சொல்லணும்ல? எல்லாரும் 'விசாரிக்கறோம், விசாரிக்கறோம்'ங்கறீங்க."

சிஸ்டர், "விசாரிக்கறோம்மா" என்றார்.

மகள் இழப்பீடு கேட்டு எழுதினாள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவார். அதனால் எங்களுக்குள் அவர் பென்சில். முதலில் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். சித்தியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தோம், ஆனாலும் அவள் அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் போனேன், அவ்வளவுதான் என்றாள்.

"நகம் வெட்டினது யாரு சார்?" என்று பென்சில் கேட்டிருக்கிறார்.

"நான்தான். என் காலு, என் நகம், நானே வெட்டிக்கிட்டேன்."

"சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் குனிஞ்சு கால் விரலைத் தொட்டுக் காட்டுங்க."

மாஸ்டர் குனிந்தார். கை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் போய் நின்றது. "பிரேக் பிடிக்குது" என்றார்.

[குனியச் சொன்னது நடந்தது. "பிரேக் பிடிக்குது" நான் சேர்த்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் சித்தி சொன்னாள். என்னால் அந்தச் சன்னலைத் தாங்க முடியவில்லை.]

பிறகு பென்சில் எங்களிடம் வந்தார். படிவம் இரண்டையும் மேஜையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். பாலிசி புதுப்பிச்சதுலேருந்து அந்தப் பணியாளர் நிரப்பின வாரத் தாள் பதினொண்ணும் வேணும், ஒரிஜினல். அப்புறம் ஒரு விஷயம். 'சொந்த வார்த்தை'ன்னு போட்டிருக்குன்னு ரொம்ப சொந்தமா எழுதிடாதீங்க. போன மாசம் ஒருத்தர் கவிதை எழுதி அனுப்பிட்டாரு."

7.

ஏழு கோட்டில் அடங்கக்கூடிய முடிவுகள்:

முடிவு ஒன்று. "கூடாது என்று பயிற்சியில் சொல்லியும் நானாகவே நகம் வெட்டினேன். அலுவலகத்துக்கு இது தெரியாது." இப்படிச் சித்தி எழுதினால் பாலிசி நிற்கும். மாஸ்டர் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுக்கும். முப்பத்தேழு பெண்கள் வழக்கம்போல வேலைக்குப் போவார்கள். முப்பத்தெட்டாவது பெண்ணை இனி எந்த நிறுவனமும் எந்த வீட்டுக்குள்ளும் அனுப்பாது; இந்தத் தொழிலில் அந்த மாதிரிப் பெயர்கள் கைக்குக் கை மாறும்.

முடிவு இரண்டு. "எல்லோரும் வெட்டுகிறோம். அலுவலகத்துக்குத் தெரியும்." இப்படி எழுதினால் பதினாலாம் கேள்விக்கு நான் போட்ட டிக் பொய். பொய் சொல்லி வாங்கிய பாலிசி முதல் நாளிலிருந்தே செல்லாது. மாஸ்டருக்கு அங்கிருந்து ஒன்றும் வராது. மருத்துவமனைகள் கையை விரிக்கும். முப்பத்தெட்டுப் பேருக்கும் வேலை போகும். பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறை காலியாகும்.

முடிவு மூன்று. மாஸ்டரின் மகள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு... எழுதிப் பார்த்தேன். நாலாவது வரியில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். கிழித்துப் போட்டேன்.

சிஸ்டருக்கு முதல் முடிவுதான். அதில் ஒரே ஒரு சிக்கல். வாரத் தாளின் அடியில் "மற்றவை" என்று போட்டு இரண்டு காலிக் கோடு இருக்கும். பதினொரு தாளையும் சிஸ்டர் என் முன்னாலேயே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்த 'மற்றவை' யார் போட்டது?"

"நான்தான் சிஸ்டர். புதுசா தாள் அடிச்சப்ப."

"எதுக்கு?"

"கீழ இடம் மிச்சம் இருந்துச்சு."

"இடம் இருந்தா கோடு போட்டுடுவியாம்மா நீ?"

ஐந்து தாள்களில், ஒருவாரம் விட்டு ஒருவாரம், "மற்றவை"க்கு நேராக முட்டை அடுக்கிய மாதிரி எழுதியிருந்தது: நகம் வெட்டினேன்.

சிஸ்டர் பீரோவைத் திறந்து, "மற்றவை" இல்லாத பழைய மாதிரி வெற்றுத் தாள்களைத் தேடி எடுத்தார். சரியாகப் பதினொன்றுதான் மிஞ்சியிருந்தது. "உங்க சித்தி கையெழுத்துலயே இதுல பார்த்து எழுதி வாங்கிட்டு வா. அவங்களை நான் கைவிட்டுட மாட்டேன். சமையலுக்கோ துணி துவைக்கவோ ஏதாவது பார்த்துச் சொல்றேன்." கதவு வரை போன என்னைத் திரும்பக் கூப்பிட்டு, மெதுவான குரலில் சொன்னார்: "உன்னையும் சேர்த்துத்தான் காப்பாத்தறேன். புரியுதா?"

புரிந்தது. உங்களுக்கு இன்னும் புரிந்திருக்காது. நான்தான் சொல்லவில்லையே.

வீட்டுக்குப் போனதும் சித்தியிடம் பாய்ந்தேன். "சொல்லாதன்னு சொன்னேன்ல? ஏன் எழுதித் தொலைச்ச?"

"சொல்லாதன்னுதானே சொன்ன, எழுதாதன்னா சொன்ன? வகுப்புல யாரு சொன்னது, செஞ்சது எல்லாத்தையும் எழுதணும், சும்மா சும்மா ஆபீசுக்குப் போன் பண்ணக் கூடாது, எழுதினா நாங்க பார்த்துக்குவோம்னு? நீதானே? நான் ஒண்ணும் தூங்கிட்டிருக்கல."

8.

விலக்கு (இ).

பத்தாவது தாள். சித்தி நகம் வெட்டியதும் சதை வெட்டுப்பட்டதும் அந்த வாரம்தான். "மற்றவை"யின் முதல் கோட்டில் "நகம் வெட்டினேன், கொஞ்சம் சதை பட்டுடுச்சு, மருந்து வச்சேன்." இரண்டாவது கோட்டில், வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு: "கட்டைவிரல் ஓரம் சிவந்திருக்கு. தொட்டா சூடா இருக்கு. ஆபீஸ் பார்க்கவும்."

அதற்குப் பக்கத்தில் பச்சை மையில், "சரிபார்த்தேன்." கீழே என் சுருக்கொப்பம். சனிக்கிழமை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் முப்பத்தெட்டுத் தாள் வரும். கை பாட்டுக்குக் கையெழுத்துப் போடும், கண் போனில் இருக்கும். டிக் எல்லாம் இருக்கிறதா என்று ஓரமாக ஒரு பார்வை. அடிக்கோடு வரைக்கும் கண் இறங்கியதே இல்லை. கோடு போட்டவளே நான். அங்கே யாராவது எழுதுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சனியிலிருந்து வியாழன், ஐந்து நாள். சனிக்கிழமையே ஒரு நர்ஸை அனுப்பியிருந்தால் விரல் தப்பித்திருக்குமா? டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

இன்னும் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சித்தி பக்கத்தில் வந்து, எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டு, "நேத்து தாள் கொடுத்தேனே, பார்த்தியா?" என்றாள்.

"ம், பார்த்தேன்."

"சரி" என்று போய்விட்டாள். வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்று நான் சொன்னதை மீறாமல், எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவு கேட்டிருக்கிறாள். ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாகத் திங்கட்கிழமை வேலைக்குப் போயிருக்கிறாள்.

ஆகவே அசல் தாள்கள் போனால் முடிவு இரண்டு, ஆனால் சித்தி மேல் பழி முழுசாக விழாது. செய்யக்கூடாததைச் செய்தாள், செய்ததைச் சொன்னாள், சிவந்ததையும் சொன்னாள். கேட்காதவள் நான். புதுத் தாள்கள் போனால் நான் இந்தக் கதையிலேயே இல்லை.

9.

போன ஞாயிறு காலை சித்தி சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, எழுதிய அசல் தாள்களை இடது பக்கமும் வெற்றுத் தாள்களை வலது பக்கமும் வைத்துக்கொண்டாள். பரீட்சைக்குப் போகிற மாதிரி ஸ்கேல், பேனா, ஒரு டம்ளர் தண்ணீர்.

"படி" என்றாள்.

"உனக்குப் புரியுதா இது எதுக்குன்னு?"

"மண்டூகமா நான்? நீ எழுதற 'நானாகவே வெட்டினேன்'ல ஒரு கையெழுத்து, இதுல பதினோரு கையெழுத்து. அவ்வளவுதானே? எனக்கென்னடி, நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாலும் சாப்பிட்டுக்குவேன். உன் பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து வர்றதுக்குள்ள இந்த வீடு என்ன பாடு பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்."

"தியாகம் பண்ற வேலையெல்லாம் வேண்டாம் சித்தி. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயை மூடிட்டுப் படி."

"வாயை மூடிட்டு எப்படிப் படிக்கறது?"

"படிச்சவதானே, கண்டுபிடி."

படித்தேன். குளியல், டிக். நடை, பதினைந்து நிமிடம், டிக். மாத்திரை, டிக். பாதம் பார்த்தேன், டிக். ஒன்பது தாள் ஆயிற்று. பத்தாவது தாளையும் ஒழுங்காக முடித்தாள். அடுத்ததை எடுப்பதற்காக நான் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், சித்தி ஸ்கேலை வைத்துத் தாளின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். "மற்றவை" என்று எழுதி, முதல் கோட்டை முடித்து, இரண்டாவது கோட்டில், "கட்டைவிரல் ஓரம் சிவந்தி" வரைக்கும் வந்துவிட்டாள்.

கை நின்றது.

"அய்யோ, கை தன்னால போயிடுச்சுடி. வேற தாள் குடு."

"வேற இல்ல. சரியா பதினொண்ணுதான்."

"அடிச்சிடட்டுமா?"

சித்தி அந்த அரை வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"அன்னிக்குப் பார்த்தேன்னு சொன்னியே. நிஜமாவே பார்த்தியா?"

[இந்த இடத்தில் நான் என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். கீழ்வீட்டுக் குழாய்ச் சத்தம், டம்ளர் மேல் வெயில். எல்லாம் பதிலைத் தள்ளிப்போடுகிற வேலை.]

"இல்ல சித்தி."

பேனாவுக்கு மூடி போட்டாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்ப நான் எழுதினது ஒண்ணையும் யாருமே படிக்கல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

10.

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலே கால். என் மேஜையில் இரண்டு உறை. ஒன்றில் பச்சை மையோடு அசல் தாள் பதினொன்று. இன்னொன்றில் புதுத் தாள் ஒன்பதும், பாதியில் நின்ற ஒன்றும். பத்தாவதை மறுபடி எழுத ஒரு தாள் இருக்கிறது. பதினொன்றாவது வாரத்துக்காக வைத்தது. பீரோவை இன்னொரு முறை தேடினால் இன்னும் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். நான் தேடவில்லை. தேடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சித்தியின் வாக்குமூலத்தை நான் எழுதவில்லை. நேற்றே அவள் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், ஏழு கோட்டில் இரண்டு கோட்டை மட்டும் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். தெளிவாக இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக: "செஞ்சது எல்லாம் தாள்ல எழுதி வச்சிருக்கேன். படிச்சுப் பாருங்க." எந்தத் தாள் என்று அவள் எழுதவில்லை. நான் எந்த உறையை அனுப்பினாலும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு.

நிறுவனத்தின் படிவத்தில் நான் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: "தனித்தாள் பார்க்கவும்." பென்சிலில்தான்.

தனித்தாள் இதுதான். ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு, பக்க எண்ணும் போட்டிருக்கிறேன். பக்கத்து அறையில் சிஸ்டர் போனில் பேசுவது கேட்கிறது. மாஸ்டர் வீட்டுக்கு வேறு ஆள் அனுப்புவதைப் பற்றி. "நல்ல பொண்ணுங்க. பொறுப்பான பொண்ணு. அவர் திரும்பற இடத்துல கை மட்டும் காட்டச் சொல்லியிருக்கேன்." முப்பத்தெட்டுப் பேரின் பெயரும் அவருக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. அது அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, திறந்த கதவு வழியாக எனக்கு நேர் எதிரே.

ஸ்டேப்ளர் என் கையில் இருக்கிறது. பின் அடித்தால் இது அறிக்கை. அடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனால் இது கதை. கதையாக இருந்தால் யாருக்கும் வேலை போகாது, ஏதாவது பத்திரிகையில் வரும், நீங்கள் நன்றாக இருக்கிறது என்பீர்கள், சித்தி பாத்திரம் தேய்ப்பாள்.

முடிவை நான் சொல்லப்போவதில்லை. அது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அலுவலக மேஜையில் இருக்கிறீர்களா, சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருக்கிறீர்களா, எனக்குத் தெரியாது. எங்கேயிருந்தாலும் ஒன்று: அவள் எழுதியதை இப்போது நீங்கள் ஒருவராவது படித்துவிட்டீர்கள். இருபத்திரண்டாம் கேள்வியை உங்களிடம் கேட்டால், தெரியாது என்று நீங்களும் இனிமேல் டிக் போட முடியாது.

மணி ஐந்து. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இந்தத் தாளின் இடது மேல் மூலையைத் தடவிப் பாருங்கள். துளை இருக்கிறதா?